அருந்ததியை நிஜமாகவே பார்த்திருக்கிறீர்களா?

"அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து" கல்யாணம் செய்துகொண்டவர்கள்தான் நம்மில் அநேகம் பேர். அம்மி மிதித்தது சரி. அருந்ததியைப் பார்த்தீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்! காலை ஒன்பது மணி வெயிலில், புரோகிதர் வடக்கே கையைக் காட்ட, புகையில் கண் எரிய, மாலை கழுத்தை அறுக்க, "தெரியறதா?" என்று கேட்டதற்கு "தெரியறது, தெரியறது" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தவர்கள்தானே எல்லோரும்?

பாவம், அருந்ததி மேல் குற்றமில்லை. அவள் இன்றைக்கும் இருக்கிறாள். ராத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவள் மட்டுமா? ரோகிணி, திருவாதிரை, மகம், சுவாதி, கேட்டை, திருவோணம் என்று ஜாதகத்திலும் அர்ச்சனைச் சீட்டிலும் நாம் தினமும் சொல்லுகிற பெயர்கள் எல்லாமே நம் மொட்டை மாடிக்கு மேலே எரிகிற விளக்குகள்தான். பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆளை மறந்துவிட்டோம்!

இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். படிப்பு வேண்டாம். செலவே இல்லை. ஒரு பாய், அரை மணி நேரம், கொஞ்சம் இருட்டு. இவை போதும்.

சமையலறைச் சுவரில் ஒரு வான வரைபடம்

உங்கள் வீட்டுச் சுவரில் தினமும் கிழிக்கிற காலண்டர் தொங்குகிறதல்லவா? அதில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் அன்றைய நட்சத்திரம் போட்டிருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததுண்டா? அன்றைக்குச் சந்திரன் அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம்! சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 27 நாள் 8 மணி நேரம் ஆகிறது. அதனால்தான் வழியை 27 பங்காக்கி, பங்குக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள், நாளைக்கு ஒரு வீடு என்பது போல.

காலண்டரில் "ரோகிணி" என்று இருக்கிறதா? அன்று ராத்திரி சந்திரன் தெரிந்தால், அதன் அக்கம் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரத்தைத் தேடுங்கள். அதுதான் ரோகிணி. "சுவாதி" போலச் சில மட்டும் சந்திரன் போகிற பாதையை விட்டுத் தள்ளியே இருக்கும்.

மாதப் பெயர்களும் இப்படி வந்தவையே. பௌர்ணமிச் சந்திரன் சித்திரை நட்சத்திரத்துப் பக்கம் நிற்கிற மாதம் சித்திரை. விசாகத்தில் நின்றால் வைகாசி. கார்த்திகையில் நின்றால் கார்த்திகை. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாம் இந்தக் கணக்குதான். பண்டிகைக்குப் பலகாரம் செய்கிற நாமே வானத்தையும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டால் பண்டிகை பூர்த்தியாகும்.

மாடிக்குப் போகுமுன்

முதலில் மாடி விளக்கை அணையுங்கள். வெளிச்சத்திலிருந்து போனவுடன் பத்து நட்சத்திரம்தான் தெரியும். "இவ்வளவுதானா!" என்று இறங்கிவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிஷத்திலிருந்து 30 நிமிஷம் ஆகும். அதற்குள் பத்து நூறாகும். நடுவில் ஒரு தரம் செல்போனைத் திறந்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவசரத்துக்கு டார்ச் வேண்டுமென்றால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

நின்றுகொண்டே பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். மாடியைப் பெருக்கிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிடுங்கள். குழந்தைகள் வந்தால் கைப்பிடிச் சுவர் பக்கம் போகாமல் நடுவில் படுக்க வையுங்கள். கொசுவுக்குக் கை கால் மூடிய உடை, பனிக்காலத்தில் காதுக்கு ஒரு துணி. அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் நட்சத்திரம் பார்க்க நல்லது. சந்திரனையே பார்க்க ஆசைப்பட்டால் பௌர்ணமியை விட வளர்பிறை அஷ்டமி சிலாக்கியம். சாதாரண பைனாகுலர் இருந்தால், வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் வட்ட வட்டமான பள்ளங்கள் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும்.

ஒரு சின்ன உபாயமும் சொல்லுகிறேன். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடியுங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. இதுதான் நம் அளவுகோல். இன்னொன்று: கண் சிமிட்டினால் நட்சத்திரம், சிமிட்டாமல் நிதானமாக எரிந்தால் பெரும்பாலும் கிரகம். விடிவெள்ளி நட்சத்திரமே அல்ல, சுக்கிரன் என்கிற கிரகம்.

இனி மாதவாரியாகப் பார்ப்போம்.

தை, மாசி: வேட்டைக்காரன்

ஆரம்பிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாருங்கள். தையில் கிழக்கே நல்ல உயரத்தில், மாசியில் கிட்டத்தட்ட உச்சிக்கு மேல், மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில், அளந்து வைத்தாற்போல நிற்கும். அதுதான் ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை. நகரத்து வெளிச்சத்தில்கூடத் தப்பாது.

கச்சைக்கு வடக்கே சிவப்பாக இருப்பது திருவாதிரை. 2019 கடைசியில் இது திடீரென்று மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிகிற அளவுக்கு ஒளி குறைந்து, மறுபடி பழைய நிலைக்கு வந்தது. அது கக்கிய தூசி மண்டலமே அதன் முகத்தை மறைத்தது என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். கச்சைக்குத் தெற்கே வெள்ளையாக மின்னுவது ரீகல்.

இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் வானத்தின் சாவி கையில் வந்த மாதிரி. கச்சையைத் தென்கிழக்காக நீட்டினால் சிரியஸ், இரவு வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம். வடமேற்காக நீட்டினால் ரோகிணி. இன்று உங்கள் கண்ணில் படுகிற ரோகிணியின் ஒளி அங்கிருந்து புறப்பட்டு 65 வருஷம் ஆகிறது! இன்னும் நீட்டினால் கொத்தாகக் கார்த்திகை.

தெற்கே தாழ்வாகத் தனியாக ஒரு பிரகாசமான நட்சத்திரம் தெரிகிறதா? அவர்தான் அகத்தியர். பிரகாசத்தில் இரண்டாவது. ஐரோப்பாவில் பெரும்பாலான ஊர்களில் இருப்பவர்களுக்கு இவர் தரிசனம் கிடையாது. நாம் தெற்கே இருப்பதால் கிடைத்த பாக்கியம்!

பங்குனி முதல் வைகாசி வரை: ஏழு ரிஷிகளும் ஒரு பத்தினியும்

பங்குனியில் உச்சிக்கு வருவது மகம். அதற்கு வடக்கே கொக்கி மாதிரி வளைந்து, அரிவாள் போல் ஒரு வரிசை. அரிவாளின் பிடியின் முனைதான் மகம்.

சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கு வடக்கே திரும்பி நில்லுங்கள். கவிழ்த்துப் பிடித்த பெரிய கரண்டி போல ஏழு நட்சத்திரங்கள். நாலு பாத்திரம், மூன்று காம்பு. இதுதான் சப்தரிஷி மண்டலம். காம்பின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல, மங்கலாக, கவனித்துப் பார்த்தால் தெரிகிற குட்டிப் புள்ளிதான் நம் அருந்ததி.

பார்த்தாச்சா? நேராக முறைத்துப் பார்க்காமல், கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அக்காலத்தில் அரேபியா முதலிய இடங்களில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதைக் கண் பார்வைக்குப் பரீட்சையாகவே வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து இவர்கள் சுமார் 80 ஒளியாண்டு தூரம். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். பெரிய தொலைநோக்கிகளாலும் கருவிகளாலும் ஆராய்ந்ததில் வசிஷ்டர் நாலு நட்சத்திரமாகவும், அருந்ததி இரண்டு நட்சத்திரமாகவும் பிரிந்தார்கள். இரண்டு பேர் என்று நினைத்த இடத்தில் ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம்!

காம்பின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் பொன்னிறத்தில் சுவாதி வரும். இன்னும் போனால் வெண்ணீலமாய்ச் சித்திரை. கரண்டிப் பாத்திரத்தின் வெளி ஓரத்து இரண்டு நட்சத்திரங்களை இணைத்து அடிவானம் நோக்கி நீட்டினால் துருவ நட்சத்திரம். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி. அதாவது ஒரு முஷ்டி உயரம்தான். எதிர்வீட்டு மாடி மறைத்தால் அவ்வளவுதான்.

வைகாசியில் தெற்குப் பக்கம் மறைப்பில்லாத இடமாக இருந்தால் தாழ்வாகச் சிலுவை போல் நாலு நட்சத்திரங்கள் தெரியும். திரிசங்கு என்று சொல்வது இதைத்தான். கடற்கரைக்கோ, தெற்கத்திக் கிராமத்துக்கோ கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் தவற விடாதீர்கள்.

ஆனி, ஆடி: வானத்துத் தேள்

பெயருக்கும் உருவத்துக்கும் பொருத்தமே இல்லாத நட்சத்திரக் கூட்டங்கள் நிறைய உண்டு. விருச்சிகம் அப்படியல்ல. அசல் தேள்! ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். நடுவில் சிவப்பாகக் கேட்டை. அதற்கு முன்னால் அனுஷம். பின்னால் வளைந்து தூக்கிய கொடுக்கில் மூலம். குழந்தைகள் பார்த்தவுடன் கூச்சல் போடுவார்கள்.

கொடுக்குக்குக் கிழக்கே, மேகம் போலத் திட்டுத் திட்டாக வெண்மை தெரிந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அதுதான் பால்வீதி. நம் சூரியன் குடியிருக்கிற நட்சத்திரக் கூட்டத்தின் நடு மையமே அந்தத் திசையில்தான், சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நகரத்தில் இதைத் தெருவிளக்குகள் விழுங்கிவிட்டன. ஊருக்குப் போகும்போதுதான் பார்க்க முடியும்.

ஆவணி முதல் ஐப்பசி வரை: திருவோணமும் ஒரு சதுரமும்

ஆவணியில் ஒன்பது மணிக்கு உச்சிக்குப் பக்கத்தில், இரு பக்கமும் ஒவ்வொரு தோழி நிற்க நடுவில் பிரகாசமாக இருப்பது திருவோணம். இதன் ஒளி நம்மிடம் வர 17 வருஷம் ஆகிறது. பன்னிரண்டாவது படிக்கிற பெண் வீட்டில் இருந்தால், "நீ பிறந்த சமயம் கிளம்பிய வெளிச்சம்டி இது!" என்று காட்டுங்கள். வடக்கே அதைவிடப் பிரகாசமாய், வெள்ளையாய் இருப்பது அபிஜித்.

புரட்டாசி, ஐப்பசியில் உச்சிப் பக்கம் ஒரு பெரிய சதுரம் வரும். அதன் மேற்கு ஓரம் பூரட்டாதி, கிழக்கு ஓரம் உத்திரட்டாதி. சதுரத்துக்கு வடகிழக்கே, நல்ல இருட்டில், புகை ஊதினாற்போல ஒரு மங்கல் தெரியும். ஆண்ட்ரமீடா என்கிற வேறொரு நட்சத்திர உலகம் அது. 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. வெறும் கண்ணால் நம்மால் எட்ட முடிகிற தூரத்துக்கு அதுதான் கிட்டத்தட்ட எல்லை. மழைக்காலம்தான், ஆனால் மழை விட்ட ராத்திரியில் கழுவி விட்ட மாதிரி வானம் துல்லியமாக இருக்கும். அதை விடக்கூடாது.

கார்த்திகை, மார்கழி: கோலம் போடுகிறவளுக்கு ஒரு பரிசு

அகல் ஏற்றிவிட்டுக் கிழக்கே அண்ணாந்து பாருங்கள். திராட்சைக் கொத்து மாதிரி ஆறு நட்சத்திரங்கள். முருகனுக்குப் பாலூட்டிய ஆறு கார்த்திகைப் பெண்கள் இவர்களே. பழந்தமிழில் அறுமீன் என்று பெயர். தீபத்தன்று பௌர்ணமிச் சந்திரன் பக்கத்தில் நின்று கண்ணைக் கூசும். கையால் சந்திரனை மறைத்துக்கொண்டு தேட வேண்டும், அல்லது பத்து நாள் கழித்துப் பார்க்கலாம். பைனாகுலரில் ஆறு பல மடங்கு ஆகும்.

டிசம்பர் 13, 14 தேதிகளில் நள்ளிரவுக்கு மேல் விழித்திருக்க முடிந்தால், புனர்பூசத்து இரட்டை நட்சத்திரங்களின் பக்கமிருந்து எரிகற்கள் பாயும். மணல் பருமன், பருக்கைக் கல் பருமன் உள்ள துணுக்குகள்தான் அவை. நம் காற்றில் உரசி எரிகின்றன.

இனி, மார்கழி. விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலப் பொடியும் கையுமாக வாசலுக்கு வருகிறீர்களே, ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்கள். மேற்கே வேட்டைக்காரன் படுக்கப் போகிறான். வடகிழக்கே சப்தரிஷிகள்! கிழக்கே சுவாதி! நட்சத்திரங்கள் தினம் 4 நிமிஷம் முன்னதாக உதிக்கின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஆகவே சித்திரை மாதத்து ராத்திரி வானத்தை மார்கழி விடியலிலேயே பார்த்துவிடலாம். நாலு மாதம் முன்கூட்டியே! ஊரெல்லாம் போர்வைக்குள் இருக்கும்போது எழுந்திருக்கிறவளுக்குக் கிடைக்கிற பரிசு இது. அருந்ததிக்காகச் சித்திரை வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தையின் கண் சொல்லும் சேதி

நட்சத்திரம் பார்ப்பதில் பொழுதுபோக்குக்கு மேல் ஒரு லாபமும் உண்டு. தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

எல்லோரும் "அதோ, அதோ!" என்னும்போது ஒரு குழந்தை மட்டும் "எங்கேம்மா?" என்கிறதா? கண்ணை இடுக்கிப் பார்க்கிறதா? நட்சத்திரம் பஞ்சு மாதிரி பரவித் தெரிகிறது என்கிறதா? கிட்டப்பார்வையாக இருக்கலாம். சீக்கிரம் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் "மக்கு" என்று பெயர் வாங்குவதற்குள் கண்ணாடி போட்டுவிடலாம்.

அந்தி நேரத்தில் குழந்தை தடுமாறுகிறதா? வெளிச்சம் குறைந்ததும் எதிரே இருக்கிற சொம்பில் இடித்துக்கொள்கிறதா? இது மாலைக்கண்ணாக இருக்கக்கூடும். மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் பொருளை விழித்திரை தயாரிக்க வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் முதலில் தெரிகிற அடையாளம் இதுதான். கவனிக்காமல் விட்டால் கண்ணே போகிற அபாயம் உண்டு. முருங்கைக்கீரை, மற்றக் கீரைகள், பப்பாளி, மாம்பழம், காரட், பால், முட்டை மஞ்சள் கரு இவை அன்றாடம் சாப்பாட்டில் இருக்கட்டும். கீரையோடு ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால்தான் சத்து உடம்பில் ஒட்டும். 9 மாதத்திலிருந்து 5 வயது வரை குழந்தைகளுக்கு அரசு சுகாதார நிலையங்களில் வைட்டமின் ஏ திரவம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிறார்கள். தவறாமல் கொடுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கி அதிகம் கொடுக்காதீர்கள், அதுவும் கெடுதல். சில சமயம் மாலைக்கண்ணுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் டாக்டர் பார்ப்பது அவசியம்.

இன்னொரு எச்சரிக்கை. சூரியனை வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ ஒருபோதும் பார்க்கக் கூடாது. சூரிய கிரகணத்தின்போதும் அப்படியே. சந்திர கிரகணத்தில் அந்தப் பயம் கிடையாது, தாராளமாகப் பார்க்கலாம்.

"வேலைக்கு நடுவே இதெல்லாம் நடக்கிற காரியமா?"

நியாயமான கேள்விதான். "ராத்திரியிலே மாடியிலே உனக்கென்ன வேலை?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அடுப்பங்கரையை ஒழித்துவிட்டு வருவதற்குள் கண் சொருகும். இதற்குப் பதிலாக ஒரு பெண்மணியின் கதையைச் சொல்லுகிறேன்.

கரோலின் ஹெர்ஷல் என்று பெயர். ஜெர்மனியில் பிறந்தவர். அம்மை, டைபஸ் காய்ச்சல் என்று வியாதிகளில் அடிபட்டு வளர்ச்சி நின்று, உயரம் நாலேகால் அடிதான். இவளுக்குக் கல்யாணமே ஆகாது, வீட்டு வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் இருந்த அண்ணன் வில்லியம் அழைத்துக்கொண்டார். அங்கேயும் வீட்டு நிர்வாகம்தான். அண்ணன் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருப்பார், கையை எடுக்க முடியாது. தங்கை பக்கத்தில் இருந்து சாப்பாட்டை ஊட்டிவிடுவார். ராத்திரியில் அண்ணன் சொல்லச் சொல்லக் கணக்கு எழுதுவார். அப்படியே கற்றுக்கொண்டு, 1786 ஆகஸ்டு 1-ஆம் தேதி, அண்ணன் ஊரில் இல்லாத ராத்திரியில், தாமே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்! 1797-க்குள் மொத்தம் எட்டு. அரசர் வருஷத்துக்கு 50 பவுன் சம்பளம் போட்டார். 1828-ல் ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கமும் கிடைத்தது. 97 வயது வாழ்ந்தார்.

நாம் வால்நட்சத்திரம் கண்டுபிடிக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு நட்சத்திரத்தைப் பழகிக்கொண்டால் போதும். மாமியாரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். மணியே பார்க்காமல் நட்சத்திரம் பார்த்துப் பொழுது சொன்ன தலைமுறையின் கடைசி ஆட்கள் அவர்கள். "வெள்ளி முளைச்சாச்சு", "ஆறாம் மீன் உச்சிக்கு வந்தாச்சு" என்று அவர்கள் அம்மா சொல்லிக் கேட்டிருப்பார்கள். இன்று கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பேச்சு அவர்களோடு போய்விடும்.

ஆசை வளர்ந்துவிட்டால் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. வாணியம்பாடிப் பக்கம். அங்கே 1986-ல் தொடங்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கி, 2.3 மீட்டர் கண்ணாடி கொண்டது. பார்வையாளர் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு குடும்பத்தோடு போய் வரலாம்.

நம் கையில் இன்னொரு காரியமும் இருக்கிறது. வாசல் விளக்கும் மாடி விளக்கும் வானத்தைப் பார்த்து எரியாமல், தரையைப் பார்த்து எரியும்படி ஒரு மூடி போடுங்கள். படுக்கப் போகும்போது தேவையில்லாததை அணையுங்கள். தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால் நூறு நட்சத்திரம் திரும்ப வரும். மின்சாரக் கட்டணமும் குறையும்!

அடுத்த தடவை கரண்ட் போனால் எரிச்சல் படாதீர்கள். விசிறியையும் பாயையும் எடுத்துக்கொண்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் அதன் ஜன்ம நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி, "வா, உன்னோடது எங்கே இருக்குன்னு தேடலாம்" என்று ஆரம்பியுங்கள். கரண்ட் வந்த பிறகும் ஒருவரும் கீழே இறங்க மாட்டார்கள், பாருங்கள்!